ஆறு நாடுகளை ஆண்ட தேசாதிபதி சேர் ஆதர் கோர்டன்

கொழும்புக் கோட்டையிலே, முன்னாளிற் தேசாதிபதியின் மாளிகையாயிருந்த இல்லத்தை அடுத்துக் கோர்டன் பூங்கா எனப் பெயர் பெற்ற ஒரு பூங்கா உண்டு. அப்பெயரைக் கேட்டவர் பலர். அப்பெயருக்குரியவரை அறிந்தவர் மிகச் சிலர். 1883 ஆம் ஆண்டின் இறுதி முதல் 1890 வரை இலங்கையை ஆண்ட சேர் ஆதர் ஹமில்ற்றன் கோர்டன், இங்கு வருமுன் வேறு ஐந்து நாடுகளிற் பிரித்தானிய முடியின் பிரதிநிதியாக அமர்ந்தவர். கனடாவின் கிழக்குக் கரை, மேற்கிந்தியத் தீவான திரினிதாத், இந்து சமுத்திரத்து மொரிசியஸ், பசிபிக் கடலின் பிஜி, அதற்கும் தெற்கே நியூசிலாந்து என உலகின் நான்கு மூலைகளிலும் அவருடைய கை பட்டது. சென்ற இடந்தோறும் ஒரே காட்சி அவர்முன் வந்து நின்றது. பிறந்த மண்ணை விட்டுப் புறப்பட்ட மக்கள் கூட்டமும், அக்கூட்டத்தால் தம் மண்ணை இழந்த மக்களுமே அக்காட்சி. ஆதலால் அவருடைய சரித்திரத்தை அறிவது அந்த நூற்றாண்டின் பெருங் குடிப்பெயர்வை அறிவதற்கு ஒரு வழியாகும்.

அக்குடிப்பெயர்வு எத்துணைப் பெரிதென்பதை முதலில் மனத்திற் கொள்ளல் வேண்டும். நெப்போலியனின் போர்கள் ஓய்ந்த 1815 முதல் அடுத்த ஒரு நூற்றாண்டுக்குச் சற்று மேற்பட்ட காலத்தில் ஐந்து கோடிக்கு மேற்பட்ட ஐரோப்பியர் கடல் கடந்து சென்றனர். அவர்கள் சென்ற இடங்கள் பெரும்பாலும் குளிர்ந்த நாடுகள். அங்கே அவர்கள் நிலவுடைமையாளராயினர். வெப்ப நாடுகளுக்குச் சென்றவர் வேறு. பிரித்தானியக் குடியேற்ற நாடுகளில் அடிமை முறையை ஒழிக்குஞ் சட்டம் 1834 இல் நடைமுறைக்கு வந்ததும், கரும்புத் தோட்டத் துரைமார் வேலைக்கு ஆள் தேடி இந்தியாவின் பக்கம் திரும்பினர். அன்று முதல் 1920 வரை ஏறத்தாழப் பதின்மூன்று இலட்சம் இந்தியர் ஒப்பந்தத்திற் கைநாட்டிட்டுக் கப்பலேறினர். ஐரோப்பியன் போனது நிலத்துக்கு. இந்தியன் போனது கூலிக்கு. இவ்விரு வெள்ளங்களுக்கும் இடையில் நின்று அவற்றிற்கு மதகு வைக்க முயன்றவர்களுள் ஒருவரே கோர்டன்.

அவர் 1829 ஆம் ஆண்டு நவம்பர் 26 ஆந் திகதி இலண்டனிற் பிறந்தார். தந்தையார் நான்காவது அபடீன் பிரபு. 1852 முதல் 1855 வரை பிரித்தானியாவின் பிரதம மந்திரியாயிருந்து, கிறைமியப் போரின் குழப்பத்திலே பதவி இழந்தவர். தாயார் ஆதருக்கு நான்கு வயது நிரம்புமுன்பே இறந்தார். கண்பார்வை குறைந்த அப்பிள்ளையைத் தந்தையார் பள்ளிக்கு அனுப்பாது வீட்டிலேயே வைத்துக் கற்பித்தார். பின்பு கேம்பிரிட்ஜ் சர்வகலாசாலையின் திரித்துவக் கல்லூரியிற் பயின்று 1851 இற் பட்டம் பெற்ற அவர், தந்தையாருக்கே அந்தரங்கச் செயலாளராகப் பணிபுரிந்தார். 1854 முதல் 1857 வரை பாராளுமன்றத்திலும் இருந்தார். 1858 இல் கிளாட்ஸ்ரனுடன் அயோனியத் தீவுகளுக்குச் சென்ற தூதிலும் செயலாளர் அவரே. ஒத்த வயதினரோடு கூடி விளையாடாமல் மூத்தோர் நடுவே வளர்ந்த பிள்ளையின் இயல்பு அவரை இறுதிவரை விடவில்லை. பிரபு மகன் என்ற நினைவு மிகுதி. தம் கருத்துக்கு மாறு கூறுவோரைப் பொறுக்குங் குணம் குறைவு. எனினும் எளியோனை வலியோன் மிதிக்கக் கண்டால் அவருக்கு உண்மையாகவே கோபம் வரும். அவருடைய நற்செயல்களும் பிழைகளும் இவ்விரு ஊற்றுக்களிலிருந்தே பாய்ந்தன என்பது எம் கருத்து.

1861 இற் கிடைத்த முதற் பதவி நியூ பிரன்ஸ்விக்கின் துணைத் தேசாதிபதிப் பதவி. 1840 களின் பஞ்சத்துக்குத் தப்பிய அயர்லாந்து மக்கள் திரளாக வந்திறங்கிய கரை அது. ஆயினும் அங்கு ஆட்சி குடியேறியோரின் மந்திரிசபை கையில் இருந்தது. தேசாதிபதி கையொப்பமிடுபவர் மாத்திரமே. கனடாவின் மாகாணங்களை இணைக்கும் பேச்சு எழுந்தபோது, கடலோர மாகாணங்கள் மட்டும் தம்முள் இணைவதே நன்றென அவர் எண்ணினார், இலண்டனின் கட்டளை மாறாக வந்தது, பணிந்தார். அதன்பின், குடியேறிய வெள்ளையரின் மந்திரிசபைகளோடு மல்லுக்கட்டாத இடங்களையே அவர் விரும்பினார்.

1866 இல் திரினிதாத்துக்கு மாற்றப்பட்டார். 1845 இல் முதற் கப்பல் வந்தது தொடக்கம் அத்தீவிலே இந்தியர் கரும்பு வெட்டிக்கொண்டிருந்தனர். முடிக்குரிய காட்டு நிலம் பரந்து கிடந்தும், ஏழைகள் வாங்க இயலாவண்ணம் அதற்கு விலையும் விதியும் விதிக்கப்பட்டிருந்தன. நிலம் கிடைத்தால் கூலிக்கு ஆள் வராது என்பதே அதன் உட்பொருள். கோர்டன் அந்நிலத்தைச் சிறு துண்டுகளாக எளிய விலைக்கு விற்கச் செய்தார். 1869 முதல், ஒப்பந்தம் முடித்த இந்தியர் தாயகம் திரும்புவதற்குரிய இலவசக் கப்பற் பயணத்தைக் கைவிட்டால் அதற்கீடாகப் பத்து ஏக்கர் நிலம் பெறலாம் என்ற ஏற்பாடும் வந்தது. திரினிதாத்தில் இந்தியக் கிராமங்கள் வேரூன்றியது இவ்வாறே. சார்ள்ஸ் கிங்ஸ்லி என்ற எழுத்தாளர் அக்காலத்தில் அவருடைய விருந்தினராகச் சென்று, திரும்பியதும் அத்தீவைப் பற்றி ஒரு பிரயாண நூல் எழுதினார்.

மொரிசியஸில் அவர் கண்டது வேறு. 1871 இல் அங்கு இறங்கியபோது அத்தீவின் மூன்று இலட்சத்துச் சொச்சம் மக்களுள் மூன்றில் இரு பங்கினர் இந்தியராயிருந்தனர். பிரெஞ்சுக்காரர் காலத்திலேயே தமிழ்க் கைவினைஞர் போர்ட் லூயி நகரில் வாழ்ந்ததுண்டு; ஆயினும் பிற்காலத்தில் வந்த கூலியாட்களின் நிலைமை அவர்களுடையதன்று. ஒருநாள் வேலைக்கு வாராதவனுக்கு இருநாட் கூலி வெட்டப்படும். 1867 ஆம் ஆண்டுச் சட்டப்படி, ஒப்பந்தம் முடித்தவனும் தன் புகைப்படம் ஒட்டிய அனுமதிச் சீட்டைக் கையில் வைத்திராவிட்டால் திரிவோன் எனப் பொலிசாராற் பிடிக்கப்பட்டு மறியலுக்குப் போவான். இதனைக் கண்டு பொறாத அடொல்ப் டி பிளெவிட்ஸ் என்ற தோட்ட முகாமையாளர் ஒருவர், தொழிலாளர் ஒன்பதாயிரத்து நானூற்றொருவரின் ஒப்பத்தோடு 1871 இல் ஒரு விண்ணப்பத்தைக் கோர்டனிடம் சேர்ப்பித்தார். துரைமார் கொதித்தெழுந்தனர். டி பிளெவிட்ஸ் நடுத்தெருவில் அடிக்கப்பட்டார். அவரை நாடு கடத்த வேண்டுமெனத் தீவின் வெள்ளையர் தேசாதிபதிக்கு மனுக்கொடுத்தனர்.

கோர்டன் அதற்கு இணங்கவில்லை. மாறாக, இராணியாரின் விசாரணைக்குழு ஒன்றை இலண்டனிலிருந்து அனுப்புமாறு கேட்டார். 1872 இல் வந்த அக்குழுவின் அறிக்கை 1875 இல் வெளியாயிற்று. விண்ணப்பத்திற் கூறியவற்றுட் பெரும்பாலன உண்மையெனக் கண்டது. 1878 இல் மொரிசியஸின் தொழிற்சட்டம் மாற்றி இயற்றப்பட்டது. அதற்கு முன்பே, 1874 இல், துரைமாரின் பகையைத் தாங்கிக்கொண்டு கோர்டன் அத்தீவை விட்டு நீங்கியிருந்தார்.

அவருடைய வாழ்வின் நடுநாயகமானது பிஜி. 1874 ஒக்டோபர் 10 இல் அதன் தலைவர்கள் தம் தீவுகளைப் பிரித்தானிய முடிக்கு ஒப்படைத்தனர். மூத்த தலைவரான தக்கொம்பாவும் அவர் மக்களும் ஒரு போர்க்கப்பலிற் சிட்னிக்குச் சென்று 1875 ஜனவரியில் மீண்டபோது, சின்னமுத்து நோயும் அக்கப்பலிலேயே வந்தது. அந்நோயை முன் அறியாத உடல்களில் அது காட்டுத்தீயாயிற்று. ஏறத்தாழ 40,000 பேர் சில மாதங்களில் மாண்டனர். நாட்டு மக்களுள் நால்வரில் ஒருவருக்கு மேல் அழிந்தனர். அவ்வாண்டு யூன் மாதம் முதல் தேசாதிபதியாக வந்த கோர்டன் இறங்கியது இழவு வீட்டிலே எனலாம்.

இந்த இனம் மறைந்தே போகும், அவர்கள் நிலம் நமக்காகும் என அங்கிருந்த வெள்ளையர் வெளிப்படையாகக் காத்திருந்தனர். அவ்வெண்ணத்தை முறியடிப்பதே தம் கடமையெனக் கோர்டன் துணிந்தார். குலங்களுக்குரிய நிலத்தை விற்க இயலாதென விதித்தார். வெள்ளையர் முன்னர் வாங்கியதாகச் சொன்ன நிலங்களை ஆராய ஆணைக்குழு அமைத்து, ஆதாரமற்ற உரிமைகளைத் தள்ளினார். வரியைப் பணமாக வாங்கினால் மக்கள் அதைத் தேடித் தோட்டக் கூலிக்கு ஓடவேண்டும் என்பதை உணர்ந்து, ஊர் ஊராகக் கூட்டாகப் பயிரிட்ட விளைபொருளையே வரியாக ஏற்றார். அரசு அதனை ஏலத்தில் விற்றபோது வணிகர் முன்னர் கொடுத்த விலையிலும் கூடிய விலை கிடைத்தது. 1876 இல் தலைவர்களின் பெருஞ்சபையைக் கூட்டினார். அவ்வாண்டே விட்டி லெவுத் தீவின் மலைநாட்டார் கிளர்ந்தபோது பிஜியரின் படையைக் கொண்டே அவர்களை அடக்கிச் சிலரைத் தூக்கிலுமிட்டார் என்பதையும் சொல்லாது விடலாகாது. காவல் செய்பவனும் கோலுடனேயே நின்றான்.

ஆனால் ஒரு முடிச்சு அவிழவில்லை. குடியேற்ற நாடு தன் செலவைத் தானே தேடல் வேண்டும் என்பது இலண்டனின் கட்டளை. பிஜியர் தம் ஊரில் தம் நிலத்தில் இருந்தால் தோட்டத்தில் யார் வேலை செய்வது? அயல் தீவுகளிலிருந்து ஆட்களை ஏமாற்றியும் கவர்ந்தும் கொணர்ந்த வணிகம் 1870 களில் உலகறிந்த பழியாயிருந்தது. திரினிதாத்தும் மொரிசியஸும் கண்டிருந்த கோர்டனுக்கு விடை உடனே தோன்றியது: இந்தியாவிலிருந்து ஆட்களை வருவிப்பது. மொரிசியஸின் கொடுமைகளை நேரிற் கண்டு விசாரணை கோரிய அதே மனிதர், சட்டமும் மேற்பார்வையும் செம்மையாயிருந்தால் அக்கொடுமை நேராது என நம்பினார். இந்த நம்பிக்கையை எவ்வாறு மதிப்பிடுவது? அவர் மனம் கல்லன்று, கண்ணும் குருடன்று. இருந்தும், ஒரு மக்களைக் காக்க மற்றொரு மக்களைக் கருவியாக்கினார். காக்கப்பட்டவரைப் பற்றி அவர் எண்ணிய அளவில் ஒரு பங்கேனும், கொணரப்பட்டவரின் பேரப்பிள்ளைகளைப் பற்றி எண்ணினாரெனக் காட்டும் செயல் எதுவும் அவரது ஆட்சியில் இல்லை. திரினிதாத்திற் கூலியாளுக்குப் பத்து ஏக்கர் கொடுக்க வழி செய்தவர், பிஜியிலே அவனுக்குச் சொந்தமாகக் கொடுக்கக் கூடிய நிலம் பெரிதும் எஞ்சாதபடி விதி செய்துவிட்டு அவனை அழைத்தார்.

முதற் கப்பலான லியோனிடாஸ் 1879 மே 14 இற் கல்கத்தாவிலிருந்து 463 பேருடன் லெவுக்காத் துறையை அடைந்தது. கோர்டன் அப்போது விடுமுறையில் இங்கிலாந்தில் இருந்தார். பதிலாளாக இருந்தவர் டி வோ. இவர் அதற்குப் பத்தாண்டு முன்பு பிரித்தானியக் கயானாவில் இந்தியத் தொழிலாளர் படும் பாட்டைக் கடிதமாக எழுதி, அங்கும் ஒரு விசாரணைக் குழு வரக் காரணமானவர்! கப்பலில் வாந்திபேதியும் வைசூரியும் கண்டிருந்தமையால் பயணிகள் ஒரு சிறு தீவிற் பல வாரங்கள் தடுத்து வைக்கப்பட்டனர். தோட்டக்காரர் முதலில் அவர்களை ஏற்கத் தயங்கினர். அரசே பலருக்கு வேலை கொடுக்க நேர்ந்தது. 1880 இல் அவுஸ்திரேலியாவின் குடியேற்றச் சீனி சுத்திகரிப்புக் கம்பனியோடு உடன்பாடு முடிந்து, 1882 இல் நவுசோரியில் ஆலை ஓடத் தொடங்கியதும் நிலை மாறிற்று.

ஐந்தாண்டு ஒப்பந்தம், ஆணுக்கு நாளொன்றுக்கு ஒரு சிலிங், பெண்ணுக்கு ஒன்பது பென்சு. நூறு ஆண்களுக்கு நாற்பது பெண்கள் என்ற விதியாற் குடும்ப வாழ்வே குலைந்தது. கொடுத்த வேலையை முடித்தாலன்றி முழுக்கூலி இல்லை. வரிசைக் குடில்களில் நேர்ந்த அடியும் அவமானமும், தற்கொலைகளின் தொகையும், பிற்காலத்தில் இந்தியா முழுவதையும் உலுக்கின. 1916 வரை 87 பயணங்களில் ஏறத்தாழ 60,000 பேர் வந்திறங்கினர். 1903 முதற் சென்னைத் துறையிலிருந்தும் கப்பல்கள் சென்றன. மொத்தத்தில் நாலிலொரு பங்கினர் அவ்வழி வந்த தென்னாட்டார். கரும்புத் தோட்டத்திற் பெண்கள் சிந்திய கண்ணீரைப் பாரதியார் பாடியது இந்தத் தீவையே நினைந்து என்பதை மாணவர் அறிவர்.

1880 இற் கோர்டன் நியூசிலாந்துக்குச் சென்றார், மனமின்றியே சென்றார். அங்கே வெள்ளையர் மௌரி மக்களிலும் பன்மடங்கு பெருகி, மந்திரிசபை அமைத்து ஆண்டனர். பரிகாக்கா என்ற ஊரில் தெ விற்றி, தோகு என்னும் இரு ஞானத் தலைவர்கள், பறிமுதலான தம் நிலத்தை ஆயுதமின்றி மீட்க முயன்றனர். வெள்ளையருக்குக் கொடுத்த நிலத்திற் சென்று அமைதியாக ஏர் பூட்டி உழுவர்; பொலிசார் பிடித்தால் எதிர்க்காமற் போவர்; மறுநாள் வேறொருவர் வந்து உழுவர். காந்தியடிகள் அப்போது பன்னிரண்டு வயதுச் சிறுவர். 1881 இற் கோர்டன் பிஜிக்குச் சென்றிருந்த வேளை பார்த்து மந்திரிமார் அவ்வூர்மீது நடவடிக்கைக்கு அறிவித்தல் தயாரித்தனர். செய்தி அறிந்து அவர் விரைந்து திரும்பினார். ஒக்டோபர் 19 இரவு அவருடைய கப்பல் துறையை அடைவதற்குச் சற்று முன்பே, பதில் நிருவாகியாக இருந்த பிரதம நீதியரசர் கையொப்பமிட்டுவிட்டார். நவம்பர் 5 இல் ஏறத்தாழ 1,600 ஆயுதந் தாங்கியோர் அவ்வூரிற் புகுந்தனர். அவர்களை வரவேற்றவர் பாடி நின்ற சிறுவர். தலைவர்கள் சிறைப்பட்டனர், வீடுகள் இடிக்கப்பட்டன. கையொப்பத்தை மீட்க வழியின்றி 1882 இல் கோர்டன் அந்நாட்டை விட்டு நீங்கினார். பின்பு அவரிடமும் பிறரிடமும் செய்தி பெற்றுச் சரித்திரம் எழுதிய ரஸ்டன் என்பவர், அந்நடவடிக்கைக்குத் தலைமை தாங்கிய மந்திரி பிறைஸ் தொடுத்த மானநட்ட வழக்கில் 1886 இல் 5,000 பவுண் செலுத்துமாறு தீர்ப்பாயிற்று. கோர்டன் அப்போது நம் நாட்டில் இருந்தார்.

இலங்கைக்கு அவர் வந்த காலம் துன்பகாலம். 1869 இற் தொடங்கிய இலைநோய் கோப்பிச் செய்கையை அழித்துக்கொண்டிருந்தது. 1884 மே மாதம் ஒறியன்ரல் வங்கி கதவடைத்தது. நாட்டிற் பெரிதும் புழங்கிய நாணயத் தாள்கள் அவ்வங்கியினுடையவை. கடைக்காரன் பெட்டியிலும் தோட்டத் தொழிலாளியின் மடியிலும் இருந்தவை அவையே. தாள்கள் வெற்றுத் தாள்களாகும் நிலையிற் கோர்டன், இலண்டனின் அனுமதி வரும்வரை காத்திராது, அவற்றுக்கு அரசு பொறுப்பென அறிவித்தார். அன்று அவர் தயங்கியிருப்பின் அழிவு எத்துணையாயிருக்கும் என்பதை வணிகர் குலத்தார் நெடுநாள் நினைவிற் கொண்டிருந்தனர்.

அவருடைய பெருமை வடமத்திய மாகாணத்தின் குளங்களிலே நிலைத்திருக்கின்றது. உடைந்து கிடந்த கலாவாவியின் கட்டு அவர் காலத்தில் மீளக் கட்டப்பட்டு, ஐம்பது மைலுக்கு மேற்பட்ட பழைய வாய்க்கால் வழியே அநுராதபுரத்துக்கு நீர் சென்றது. 1886 இல் ஊவாவும் 1889 இல் சப்பிரகமுவாவும் தனி மாகாணங்களாயின. வெசாக் நாள் 1885 இல் விடுமுறை நாளாயிற்று. கண்டிச் சிங்களவருக்கும் முஸ்லிம்களுக்கும் சட்டநிரூபண சபையில் 1889 இல் இடம் கிடைத்தது. தமிழருக்காகப் பொன்னம்பலம் இராமநாதன் அப்போது அச்சபையில் வீற்றிருந்தார். அவருடைய தம்பியார் அருணாசலம், கோர்டனைப் போலவே கேம்பிரிட்ஜிற் பயின்றவர். மூத்த உத்தியோகத்தர் பலரைத் தாண்டி அவரை 1887 இற் பதில் பதிவாளர் நாயகமாக்கினார் கோர்டன். வெள்ளை உத்தியோகத்தர் முணுமுணுத்தனர். அந்த நியமனம் தகுதிக்கே என்பதை 1901 ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டை அருணாசலம் நடத்திய சிறப்பு மெய்ப்பித்தது.

இவ்வளவு கூறியபின் எதிர்ப்பக்கத்தையும் கூறல் வேண்டும். பிஜியில் வரியின் கொடுமையை அத்துணை நுட்பமாக உணர்ந்தவர், இங்கே நெல்வரியை இறுதிவரை ஆதரித்தார். வலப்பனையில் நிலுவைக்காக உழவரின் வயல்கள் ஏலம் போயின, மக்கள் பட்டினியுற்றனர். அவ்வரி அவருக்குப்பின் 1892 இலேயே நீக்கப்பட்டது. தோட்டத் தொழிலாளர் விடயத்திலும் அவ்வாறே. தென்னிந்தியாவிலிருந்து மன்னார்க் கரையில் இறங்கி வன்னிக் காட்டுவழியே மாத்தளைக்கு நடந்து வந்தவர்கள் கப்பலொப்பந்தக் கூலிகளல்லர். கங்காணியின் கடனாற் கட்டுண்டவர்கள். ஒரு தோட்டம் விட்டு மறு தோட்டம் போக, கடன்தொகை எழுதிய துண்டு வேண்டும். மொரிசியஸின் அனுமதிச் சீட்டை வெறுத்தவருக்கு இத்துண்டின் வேலை விளங்காதிருந்திராது. கோப்பி வீழ்ந்து தோட்டங்கள் முறிந்தபோது கூலி கிடையாது தவித்தவர்களுக்காகச் சட்டம் வந்தது உண்மை. 1889 ஆம் ஆண்டின் 13 ஆம் இலக்கச் சட்டம் அவர்களை மாதந்தோறும் புதுப்பிக்கும் ஒப்பந்தக்காரராக வரையறுத்ததும் உண்மை. ஆயினும் துண்டுமுறை அவர் காலத்திலும் நின்றது; அவருக்குப் பின்னும் நெடுங்காலம் நின்றது. கோப்பியின் இடத்தைத் தேயிலை பிடித்தது அவருடைய ஆட்சியிலே. கோப்பிக்குக் காய் பறிக்குங் காலத்தில் வந்து போனவர், தேயிலைக்கு ஆண்டு முழுவதும் தங்கவேண்டியவராயினர். வந்துபோன கூட்டம் வாழுங் குடியாக மாறிய காலத்தில், அக்குடி யாருடைய நாட்டின் குடி என்ற வினாவை அவரோ பிறரோ எழுப்பவில்லை. 1948 இல் அவ்வினாவுக்கு நம் பாராளுமன்றம் கூறிய விடையை யாவரும் அறிவோம்.

1889 இல் மனைவியாரை இழந்தார். 1890 இற் பதவியினின்றும் ஓய்ந்து இங்கிலாந்து மீண்டார். 1893 இல் ஸ்ரான்மோர் பிரபு என்னும் பட்டம் கிடைத்தது. அவ்வாண்டே தந்தையாரின் சரித்திரத்தை வெளியிட்டார். பிஜியிலே தாம் எழுதிய கடிதங்களையும் குறிப்புக்களையும் நான்கு தொகுதிகளாக, விற்பனைக்கின்றித் தம் நண்பர்களுக்கென 1897 முதல் அச்சிட்டு வந்தார். தாம் ஆண்ட ஆறு நாடுகளில் அவர் மனத்தை விட்டகலாதது அத்தீவொன்றே போலும். அவர் காத்த நிலத்திற் பெரும்பகுதி இன்றும் பிஜியருடையதே. அவர் அழைத்தவர்களின் சந்ததியார் அந்நிலத்தைக் குத்தகைக்கு உழுதனர். 1987 இல் இரு முறை படையினர் ஆட்சியைப் பறித்தபின் அவர்களிற் பல்லாயிரவர் மீண்டும் ஒரு முறை கடல் கடந்தனர்.

1912 ஜனவரி 30 இல், எண்பத்திரண்டாவது வயதில், ஸ்ரான்மோர் பிரபு காலமானார். அதற்கடுத்த மார்ச்சு மாதம், ஒப்பந்தக் கூலிமுறையை ஒழிக்குமாறு கோபாலகிருஷ்ண கோகலே இந்தியச் சட்டசபையிற் கொணர்ந்த தீர்மானம் தோற்கடிக்கப்பட்டது. பிஜிக்கு மேலும் நான்காண்டுகள் கப்பல்கள் சென்றன. அங்கே எஞ்சியிருந்த ஒப்பந்தங்கள் 1920 ஜனவரி முதலாந் திகதி இரத்துச் செய்யப்பட்டன.